டிக்கிக்குள் பூட்டிய விளக்குமாறு

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் தகப்பன் சேனாபதி, அதாவது நான். பெருந்துறைக்காரன், டெக்சாஸ் போர்ட் ஆர்தரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையொன்றில் இருபத்தைந்து வருடம் இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி சாந்தாமணி. மூத்த மகள் சாந்தி, முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவள். இளையவள் கயல், அன்று காலைதான் கழுத்தில் தாலி ஏறியவள். கட்டியவன் டேனியல் பென்வா. அவனுடைய தாய் ஈவ்லின். அவனுடைய தாத்தா ஓவிட் பென்வா, எண்பத்தொரு வயது. சாந்தாமணியின் தம்பி மாரிசாமி, ஹூஸ்டன்காரர், கையில் வீடியோ கேமராவோடு. இவர்களைத் தவிர நூற்று அறுபது பேர். அவர்கள் எல்லாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் பார்த்தார்கள்.

இப்படிப் பெயர் சொல்லித் தொடங்குவது எங்கள் வழக்கம் இல்லை. ஓவிட்டின் வழக்கம். முதல் நாள் வெள்ளிக்கிழமை மதியம் அவர் வாயால் கேட்டேன்.

அது 1998, சித்திரை மாதம். பென்வா குடும்பத்தார் கேஜன்கள். ஆலையில் என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் கேஜன்கள்தான். லூசியானாவிலிருந்து எண்ணெய் வேலைக்காக எல்லை தாண்டி வந்து தங்கிவிட்ட பிரெஞ்சு பேசும் ஜனங்கள். ஓவிட் இருபது வயதில் வந்தவர். இருபத்தைந்து வருடம் அந்த ஆட்களோடு ஷிப்ட் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அழைத்தார்கள். பரிசு அனுப்பினேன், போகவில்லை. அந்தத் தவறுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஓவிட் வீட்டுக் கொல்லையில் பெரிய மரத்தடியில் நீளப் பலகை போட்டு, செய்தித்தாள் விரித்து, அண்டா நிறைய கிராஃபிஷ் வேகவைத்துக் கொட்டியிருந்தார்கள். நண்டுமில்லாமல் இறாலுமில்லாமல் இருக்கும் ஒரு வாய்க்கால் பிராணி. சாந்தாமணி வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள் என்று தெரிந்து ஈவ்லின் சோளத்தையும் உருளைக்கிழங்கையும் வேறு பாத்திரத்தில் வேகவைத்து, மேலே தட்டுப் போட்டு மூடித் தனியாக வைத்திருந்தாள். இதையும் சொல்லவேண்டும். அவர்கள் மரியாதை தெரியாதவர்கள் அல்ல.

சாப்பிட்டு முடிகிற சமயம் அவர்கள் பக்கத்து ஜனம் ஓவிட்டைப் பார்த்துப் பலகையில் தட்டத் தொடங்கியது. கதை வேண்டுமாம். கிழவர் அவசரப்படவில்லை. கையைத் துடைத்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, அங்கிருந்த எல்லாருடைய பெயரையும் சொன்னார். யார் மகன், யார் மருமகள் என்று சேர்த்துச் சொன்னார். எங்களையும் விடவில்லை. என் பெயர் அவர் வாயில் சேன-பட்டி என்று வந்தது. சாந்தி பெயரைச் சொன்னபோது அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எதுக்கு இத்தனை பேர் வாசிக்கிறாருங்க, ரேஷன் கடையா?" என்று மாரிசாமி என் காதருகே கேட்டார்.

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்ததுபோல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்கள் ஜனம் முதலில் கனடாவில் இருந்தது, அகேடியா என்று பேர். இங்கிலீஷ்காரன் 1755-ல் பிடித்து கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினான். புருஷன் ஒரு கப்பல், பெண்டாட்டி ஒரு கப்பல். யார் எதில் போனார்கள் என்று பார்த்துவைக்க ஆளில்லை. அதனால் எங்கள் வீட்டில் கதை சொல்வதற்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். பிறகு நான் பொய் சொன்னால், அங்கே இருந்தவன் எழுந்து பொய் என்று சொல்லலாம்."

"இதுவரைக்கும் எவ்வளவு பேர் எழுந்தார்கள்?" என்று யாரோ கத்தினார்கள்.

"எல்லாரும். அதற்குள் கதை முடிந்துவிடும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது செலிமா என்ற தன் அத்தையின் கதை. செலிமாவுக்குக் கீழே ஏழு பேர். ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகியும் அவளுக்கு ஆகவில்லை. இளையவர் கல்யாணத்தில் கல்யாணமாகாத மூத்தவர் எல்லார் முன்னாலும் ஒரு விளக்குமாற்றைத் துணையாகப் பிடித்துக்கொண்டு ஆடவேண்டும். அது அவர்கள் வழக்கம். செலிமா ஏழு கல்யாணத்திலும் ஆடினாள். ஐந்தாவது கல்யாணத்துக்குள் விளக்குமாற்றில் புல்லே இல்லை, வெறும் கம்புதான் மிச்சம். ஏழாவதில் விளக்குமாறே சுவரை விட்டு எழுந்து நடந்துவந்து, "மிஸ் செலிமா, இந்த ஆட்டம் என்னோடு ஆடுவீர்களா?" என்று கேட்டதாம். செலிமா, "உனக்கு முடி உதிர்ந்துவிட்டது, போ" என்றாளாம்.

பலகை அதிர ஜனம் சிரித்தது. சாந்தாமணிகூடச் சிரித்தாள். கயல் டேனியல் தோளில் சாய்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓவிட் கையிலிருந்த கிராஃபிஷ் கொடுக்கை நீட்டி சாந்தியைக் காட்டினார். "நாளைக்கு ஆடப்போகிறவள் இதோ இருக்கிறாள். ஷா, கால் வலி இல்லையே?"

ஷா என்றால் கண்ணு என்று அர்த்தம். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஈவ்லின் உள்ளே ஓடிப்போய் ஒரு விளக்குமாற்றைக் கொண்டுவந்தாள். நீளக் கைப்பிடி, புல்லில் கட்டியது. அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் சாட்டின் ரிப்பன் பின்னி, மேலே வெள்ளைத் துணிப்பூ வைத்திருந்தாள். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து செய்தாளாம்.

எங்கள் ஊரில் விளக்குமாறு விருந்தாளி கண்ணில் படும் இடத்தில் வைக்கப்படுவதில்லை. ஒருவரைக் கடைசியாகக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் அதைப் பேச்சில் எடுப்பார்கள். கையில் எடுத்தால் உறவு முறிந்தது என்று பொருள். அதைக் கல்யாண மண்டபத்தில், என் மூத்த பெண் கையில், அவள் தங்கையின் கல்யாணத்தன்று கொடுக்கப்போகிறார்கள்.

சாந்தியைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. 1992-ல் அவளுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் நிச்சயம் செய்தோம். பத்திரிகை அடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்து, இங்கிருந்து நாங்கள் நான்கு பேரும் போய் இறங்கியாயிற்று. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பையன் வீட்டார் வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததால் ஊர் மூன்று காரணம் கண்டுபிடித்தது. மூன்றும் அவளைப் பற்றியவை. திரும்பி வந்ததிலிருந்து அவள் நுழைகிற அறையில் பேச்சு நின்றுபோகும். ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுந்து நின்றேன்.

"மிஸ்டர் பென்வா. நாளைக்கு அந்த மண்டபத்துக்குள் அந்தப் பொருள் வந்தால் என் குடும்பம் வராது. மணப்பெண்ணும் சேர்த்து."

 அடுப்பில் அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஈவ்லின் விளக்குமாற்றைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"அப்பா!" என்றாள் கயல்.

ஓவிட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "மிஸ்டர் சேனபட்டி, விருந்தாளியை நாங்கள் ஆடச் சொல்வதில்லை. வீட்டு ஆளைத்தான் சொல்வோம். அவள் ஆடக்கூடாது என்றால் அவள் எங்களுக்கு யார்?"

"என் மகள்."

"அது தெரியும். எங்களுக்கு யார்?"

"என் வீட்டு மரியாதையைச் சிரிப்பதற்குக் கொடுக்கமாட்டேன்."

"சரி. நாளைக்குக் கதைக்கு முன்னால் நான் பேர் சொல்லவேண்டும். மறைத்துவைக்கிற பேரை நான் எப்படிச் சொல்வது? அவளை விட்டுவிட்டும் சொல்லமாட்டேன். ஆகையால் கதை இல்லை."

அவர்கள் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. ஐம்பது வருடமாக அந்தக் குடும்பத்தில் அவர் கதை சொல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்று டேனியல் பிறகு சொன்னான். கதை சொல்லாத கல்யாணத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்களாம்.

காரில் வீடு திரும்பும்போது கயல் அழுதாள். "அப்பா, யூ த்ரெட்டன்ட் டு கேன்சல் மை வெடிங். இன் ஃப்ரண்ட் ஆஃப் எவ்ரிபடி. ஃபார் எ ப்ரூம்!"

"சீமாறு கண்ணு, ப்ரூம் இல்ல," என்றார் பின்சீட்டிலிருந்து மாரிசாமி. "உனக்கு ப்ரூம். ஈரோட்டுல அது சீமாறு. மச்சான் சரியாத்தான் சொன்னாருங்க. ஆனா ஒண்ணு மச்சான், இந்த வீடியோவ நான் ஊருக்கு அனுப்பறதா அக்கா மாமியார் வீட்ல எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. ஒருவேளை நடந்துருச்சுன்னு வெச்சுக்கங்க…"

"நடக்காது மாப்ளை."

"நடக்காதுங்க. நடந்துருச்சுன்னா, சொல்றேன்."

"ஏனுங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள் சாந்தாமணி. "டேய் மாரி, நீ கொஞ்சம் வாய மூடு."

சாந்தி விரலிலிருந்த மசாலா வாசனை போக எலுமிச்சைத் துண்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஹூஸ்டன் பக்கத்து மீனாட்சி கோயிலில் முகூர்த்தம் நன்றாக நடந்தது. டேனியல் பட்டு வேட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஓவிட் கோட்டு போட்டு முதல் வரிசையில் இருந்தார். அட்சதையை நேராகத் தலையில் விழும்படி போட்டார், சிதறவில்லை. எனக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையோடு நகர்ந்துவிட்டார்.

மாலை மூன்று மணிக்கு போர்ட் ஆர்தர் மண்டபத்தில் அவர்கள் விருந்து. இனிப்புப் பெட்டிகளை இறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நான் ஒரு மணிக்கே தனியாகப் போய்விட்டேன். மண்டபத்தில் மேசை போடும் ஆட்கள் இரண்டு பேர்தான். சமையலறைக்குப் பின்னால் ஒரு அலமாரி, கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி, மேடைக்குக் கீழே ஒரு அலமாரி. மூன்றையும் திறந்தேன். விளக்குமாறு நான்கு, தரை துடைக்கும் மாப்பு இரண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போய் என் பியூக் காரின் டிக்கியில் வைத்தேன். மேசை போடுகிறவன் பார்த்தான். "கிளீனிங்," என்றேன். அறுபத்து மூன்று வயதில், பட்டு வேட்டியில்.

ஐந்தாவது விளக்குமாறு மேடைத் திரைக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் ரிப்பன். நான் அவ்வளவு சொல்லியும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.  அதையும் டிக்கியில் போட்டு, கைப்பிடி நீளம் என்பதால் பின்சீட்டைச் சாய்த்து உள்ளே தள்ளி, பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

விருந்து தொடங்கியது. அக்கார்டியனும் ஃபிடிலும் வாசித்தார்கள். கயலும் டேனியலும் ஆடினார்கள். கம்போ என்று ஒரு குழம்பு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பிடித்துப்போய் இரண்டாம் முறை வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

ஓவிட் மேற்குச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிழக்குச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஜனம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. அவர் எப்போதெல்லாம் தண்ணீர் குடித்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நாலே காலுக்கு யாருடைய குழந்தையோ கேக் தட்டைக் கீழே போட்டது. கண்ணாடித் தட்டு. ஈவ்லின் விளக்குமாறு எடுக்கப் போனாள். முதல் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது. பிறகு அவள் மேடைக்குப் பக்கம் போனாள். திரைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் அந்த வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. நேராக என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு, அட்டைத் துண்டால் கண்ணாடியை ஒதுக்கி, விரிப்பால் தரையைத் துடைத்தாள். சம்பந்தியம்மாள். என் பெண் வாழப்போகிற வீட்டுக்காரி.

சிறிது நேரத்தில் மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. கதைக்கு நேரமாம். "பாப்பா ஓவிட்! பாப்பா ஓவிட்!" என்றார்கள். கிழவர் தலையை ஆட்டினார். தட்டுவது நின்றது. மறுபடி தட்டினார்கள். மறுபடி ஆட்டினார். டேனியல் போய் அவர் பக்கத்தில் குந்தி ஏதோ கெஞ்சினான். கட்டிய கையை அவர் பிரிக்கவே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சத்தம். அவர்கள் மேசைகளில் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. எங்கள் மேசைகளிலும் சேர்ந்தன. மாரிசாமி, டல்லஸிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் சொல்வது காதில் விழுந்தது: "அந்தப் பெரியவரு எதுக்கோ கோவமா இருக்காராம். பெரியவ விஷயம்தான். பெரியவளுக்கு ஆகலைல்ல, அதுல ஏதோ…"

எதைத் தடுக்கக் கதவைப் பூட்டினேனோ அது ஜன்னல் வழியாக வந்துவிட்டது. சாந்தி எங்கே என்று தேடினேன். இருக்கையில் இல்லை.

சமையலறையில் இருந்தாள். அடுப்புப் பக்கம் நின்று, கம்போ அண்டாவில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கிளறச் சொல்லவில்லை. அடுப்பு அணைந்திருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

1961-ல் என் தம்பிக்கு எனக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. பெண்ணின் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, அவசரமாகச் செய்யவேண்டியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. "நீ சமையல் பக்கம் பாத்துக்கப்பா," என்றார் என் தகப்பனார். அன்பாகத்தான் சொன்னார். தாலி கட்டும்போது நான் கொட்டகையில் ரச அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். கெட்டிமேளம் அடித்தது கேட்டது. சமையல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். இதைச் சாந்தாமணியிடம்கூட நான் சொன்னதில்லை.

"என்னம்மா பண்ற?"

"சும்மா." அவள் திரும்பவில்லை. "சீமாறெல்லாம் எங்கப்பா?"

"என்ன சீமாறு?"

"நடிக்காதீங்கப்பா. ஈவ்லின் ஆன்ட்டி எல்லா க்ளாஸட்டும் தேடிட்டாங்க."

"டிக்கில."

"எத்தனை?"

"அஞ்சு. ரெண்டு மாப்பு."

அவள் கரண்டியை விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "மாப்பு எதுக்குப்பா?"

"மாப்பக் குடுத்து ஆடச் சொல்லிட்டா?"

இன்னும் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து அந்தத் தாத்தா என்னை நேராக் கேட்டாருப்பா. நீங்க எழுந்து நின்னு பேசறதுக்கு முன்னாடியே. கை கழுவுற எடத்துல. 'ஷா, உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை'ன்னு. நான் சொன்னேன், 'பத்திரிகை அடிச்சப்பறம் வேண்டாம்னுட்டாங்க'ன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'முட்டாள்கள்'னார். சொல்லிட்டு துண்டு குடுத்தார். அவ்ளோதான்."

"அதுக்கு?"

"ஆறு வருஷத்துல என்கிட்ட யாருமே கேக்கலைப்பா. எல்லாரும் மத்தவங்ககிட்டதான் கேட்டாங்க."

 நானும் அவளிடம் கேட்டதில்லை.

"ஆடறேன்பா," என்றாள்.

"சாந்தி, உங்க மாமன் கேமராவோட நிக்கறாரு. டேப்பு ஊருக்குப் போகும். என்ன பேசுவாங்கன்னு தெரியுமா?"

"என்ன பேசாம இருந்தாங்க?"

"உனக்கு அது கேவலமாத் தெரியலையா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பயமா இருக்கு. கேவலமா இல்ல. இங்க நின்னு ஆறிப்போன கொழம்பக் கெளறதுதான் கேவலமா இருக்கு." கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

சாவியை மடியிலிருந்து எடுத்தேன். கொடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து என் பெண் அதைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் நடுவில் தனியாக நடந்து வருவதா? அதற்கு நான் எதற்கு?

"நீ கை கழுவிட்டு வந்து நடுவுல நில்லு," என்றேன். "நான் கொண்டுவரேன்."

டிக்கியைத் திறந்தேன். ரிப்பன் ஓரிடத்தில் மாப்பின் ஈரம் பட்டு நனைந்திருந்தது. மேல்துண்டால் ஒற்றி எடுத்தேன். கசங்கிய துணிப்பூவை நிமிர்த்தினேன். பிறகு அதைத் தோளில் சாய்க்காமல், கீழே தொங்கவிடாமல், நேராகப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தேன். பின்கதவு இருந்தது. அதன் வழியாக வரவில்லை.

முதலில் எங்கள் மேசைகள் அமைதியாயின. யாரோ எழுந்து நின்றார்கள். சாந்தாமணி கையை வாயில் வைத்துக்கொண்டாள். மாரிசாமி ஓடி வந்தார்.

"மச்சான், என்னங்க இது? கையில… கேமரா ஓடுதுங்க!"

"ஓடட்டும் மாப்ளை. நல்லாப் பாத்து எடு."

அவர் என்னைப் பார்த்தார், விளக்குமாற்றைப் பார்த்தார், கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். "வேண்டாங்க மச்சான். நீங்க இத வெச்சுட்டு நடக்கறத நான் எடுக்கமாட்டேனுங்க," என்றார். 

மண்டபத்தின் நடுவில் சாந்தி நின்றாள். அரக்குப் பட்டு, தலையில் மல்லிகை. அத்தனை பேர் கண்ணும் அவள் மேல். நான் நடந்துபோன தூரம் இருபது அடி இருக்கும். அக்கார்டியன்காரன் வாசிப்பை நிறுத்திவிட்டான். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவள் முன்னால் நின்று இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

நான் மேற்குப் பக்கம் திரும்பினேன். ஓவிட் எழுந்து நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. அக்கார்டியன்காரனைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார்.

சாந்திக்கு அவர்கள் ஆட்டம் தெரியாது. இடது கையில் கைப்பிடியைப் பிடித்து, வலது கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, இரண்டு அடி அந்தப் பக்கம், இரண்டு அடி இந்தப் பக்கம் போனாள். விளக்குமாறு ஒருமுறை சாய்ந்து அவள் மல்லிகையில் மாட்டிக்கொண்டது. "மிஸ்டர், மைண்ட் யுவர் ஹேண்ட்ஸ்," என்றாள் அதைப் பார்த்து. அவ்வளவுதான், மண்டபமே வெடித்துச் சிரித்தது. நூற்று அறுபது பேரும். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈவ்லின் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் காத்திருந்தேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு வரும் என்று காத்திருந்தேன். ஐம்பது வருடப் பழக்கம், என் காது ஏமாறாது. ஒருவர் தலையும் மற்றவர் தலையோடு சேரவில்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்து, அவள் காதுபடச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நான்கு நிமிடம் ஆடினாள். கடைசியில் விளக்குமாற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுச் சுவரில் சாத்திவிட்டு, கயலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சமையலறைக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஓவிட் நடுவில் நாற்காலி போடச் சொன்னார். தொப்பியை முழங்காலில் வைத்தார். பெயர்களைச் சொன்னார். அவருக்கு எல்லார் பெயரும் தெரிந்திருந்தது. "சாந்தி, சேனபட்டியின் மூத்த மகள், டேனியலின் அக்கா," என்றார். டிக்கி விஷயத்தைச் சாந்தி சொல்லியிருக்கவேண்டும்; கொஞ்சம் நிறுத்தி, "சேனபட்டி, இந்தியாவில் பெருந்துறையிலிருந்து வந்தவர், ஏழு விளக்குமாற்றைக் காரில் பூட்டியவர்," என்றார்.

ஜனம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். எல்லாரும் அடங்கினார்கள். டேனியலின் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐந்து," என்றேன். "இரண்டு மாப்பு."

ஓவிட் தலையைக் குனிந்து அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.

அதற்குப் பின் நானும் அவரும் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆகவில்லை. 2000-த்தில் அவர் இறந்தபோது, பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். சாந்திக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளைக் கேட்க விரும்புகிறவர்கள் அவளையே கேட்கலாம். பதில் சொல்வாள்.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் மாரிசாமியின் டேப். அது ஈரோட்டுக்குப் போயிற்று. அமெரிக்க டேப் அங்கே உள்ள வீடியோப் பெட்டியில் சரியாக ஓடாது. நிறமில்லாமல், சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. நான் வாசலில் நுழைந்தபோது அவர் கேமராவை இறக்கிவிட்டார். மறுபடி தூக்கியபோது சாந்தி கையில் விளக்குமாறு இருக்கிறது, சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்து நிற்கிறார்கள். என் மைத்துனர் என் மரியாதைக்காகச் செய்தது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கயல் கல்யாணத்தில் மூத்தவள் கையில் பையன் வீட்டார் சீமாற்றைத் திணித்தார்கள், அதைக்கொண்டே அவளை அடித்துச் சிரித்தார்கள், சேனாபதி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று மூன்று வருடமாக ஊரில் பேசுகிறார்கள். அங்கே இருந்தவர்களின் பெயரை மேலே கொடுத்திருக்கிறேன். யாரையும் கேட்டுக்கொள்ளலாம். ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவரும் திணிக்கவில்லை. அதை அவள் கையில் கொடுத்தவன் நான்.